சிம்சோனும் யானும்

பல்லி என்ற சொல்லைக் கேட்ட அளவிலேயே முகஞ் சுளிக்கும் அன்பர்கள் இக்கட்டுரையை விடுத்து அடுத்த பக்கத்திற்குச் சென்றுவிடலாம். அவர்கள்மீது எனக்கு வருத்தம் இல்லை. 2025-ஆம் ஆண்டுக் கோடை விடுமுறை வரையில் யானும் அவர்கள் கூட்டத்தைச் சேர்ந்தவனாகவே இருந்தேன்.

எங்கள் வீடு நாசரேத்தில் உள்ளது. பழைய ஓட்டு வீடு. ஓட்டு வீட்டில் பல்லி வாடகை கொடாத குடி. என் பாட்டியார் பஞ்சாங்கத்தை வாயிற்படி ஏறவிடாதவர்; பல்லி விழும் பலன், பல்லி சொல்லும் பலன் என்பவற்றை அறியாமை என்று கடிபவர். ஆயினும் மாலையில் யாரேனும் ஒரு செய்தியைச் சொல்லும்பொழுது சுவரிலிருந்து பல்லி ஒலித்துவிட்டால், அவர் விரல் அவரை அறியாமலே தரையில் மும்முறை தட்டும். நாங்கள் சிரித்தால், "விரல் மரத்துப் போயிற்று" என்பார். யானோ பலனுக்கு அஞ்சியதில்லை, பல்லிக்கே அஞ்சினேன். அவ்வச்சத்தை மறைக்கச் சிறுவயதில் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு பல்லிகளைத் துரத்துவேன். அடிபட்ட பல்லி வாலை விட்டு ஓடும். விட்ட வால் தரையிற் கிடந்து துள்ளும். அதனைச் சுற்றி நின்று நாங்களும் துள்ளுவோம்.

தமிழ்ச் சிறப்பு வகுப்பிற் சேர்ந்த பின்னர்ப் பல்லியோடு வேறொரு வகையான அறிமுகம் ஏற்பட்டது. பாலைக்கலியில், பிரிவுத் துயரை ஆற்றும் நன்னிமித்தங்களுள் ஒன்றாக மனைப்பல்லியின் ஒலி பேசப்படுகின்றது. அச்செய்யுளைப் பாடங் கேட்ட பொழுது உள்ளம் நெகிழ்ந்தேன். அன்றிரவு விடுதிச் சுவரிற் பல்லியைக் கண்டபொழுது கட்டிலை நடு அறைக்கு இழுத்துப் போட்டுக்கொண்டேன். ஏட்டுப் பல்லி வேறு, சுவர்ப் பல்லி வேறு என்பது என் கொள்கை.

நிற்க. என் தமக்கையார் இங்கிலாந்தில் லெஸ்டர் நகரத்து மருத்துவமனை ஒன்றிற் செவிலியாகப் பணியாற்றுகின்றார். "விடுமுறையில் ஏழு கிழமை இங்கே வந்து இரு, பையனுக்குத் தமிழ் எழுத்தைச் சொல்லிக்கொடு, அதுவே எனக்கு நீ கொடுக்கும் பயணச் செலவு" என்று அத்தான் எழுதினார். ஏப்ரல் 26-ஆம் நாள் யான் அங்குச் சேர்ந்தேன். பையனுக்கு வயது பத்து. தமிழ் நன்கு விளங்கும். பேசப் புகுந்தால் ஆங்கிலத்தில் தொடங்கித் தமிழில் முடிப்பான். அவன் சொற்களை ஒருவாறு ஒழுங்குபடுத்தியே இங்கு எழுதுகின்றேன்.

பெட்டியைக் கீழே வைக்குமுன் அவன் என் கையைப் பற்றி மாடிக்கு இழுத்துச் சென்றான். "மாமா, சிம்சோனைப் பாருங்கள்." மூன்றடி நீளமுள்ள கண்ணாடிப் பெட்டி ஒன்று மேசைமீது இருந்தது. அதனுள்ளே கற்பலகை ஒன்று. அதன்மீது, ஒரு சாண் நீளத்தில், மஞ்சள் மேனியில் கரும்புள்ளி சிதறிய ஒரு பல்லி. யான் கதவு வரை பின்வாங்கினேன்.

அஃது ஆங்கிலத்தில் 'லெப்பர்டு கெக்கோ' எனப்படும் சிறுத்தைப் பல்லி. ஆப்கானித்தானம், பாக்கித்தான், இந்தியாவின் வடமேற்கு ஓரம் ஆகிய இடங்களின் வறண்ட பாறை நிலங்கள் அவ்வினத்தின் தாயகம். கல்கத்தாவில் ஆசியக் கழகத்தின் காட்சிசாலையைப் பேணிவந்த எட்வர்டு பிளைத் என்னும் ஆங்கிலேயர் 1854-ஆம் ஆண்டில் இதற்கு அறிவியற் பெயரிட்டார். இந்நாளில் இது மேல்நாட்டு வீடுகளிலேயே முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துப் பெருகுகின்றது. சிம்சோன் இங்கிலாந்திற் பிறந்தவனே. ஆயினும் அவ்வீட்டில் என்னைப் போன்றே அந்நாட்டுக் குளிருக்கு ஆற்றாதவன் அவன் ஒருவன்தான். அவன் பெட்டியின் ஒரு பாதி மின்சார விரிப்பினால் 32 பாகை வரை சூடேற்றப்பட்டிருந்தது. மறுபாதி 25 பாகை. உடல் வெப்பத்தைத் தானே ஆக்கிக்கொள்ள இயலாத உயிராதலின், வேண்டும்போது வெப்பத்திற்கும் வேண்டாதபோது குளிர்ச்சிக்கும் நடந்து செல்ல அதற்கு இடம் வேண்டும். எனக்கு அவ்வசதி செய்துதரப்படவில்லை என்பதை அத்தானிடம் ஒருமுறை குறிப்பிட்டேன்.

நம் வீட்டுப் பல்லியினின்றும் இது பலவாறு வேறுபட்டது. வீட்டுப் பல்லிக்கு அசையும் இமை இல்லை, இதற்கு உண்டு, உறங்கும்பொழுது மனிதனைப் போலக் கண் மூடும். சுவரில் ஒட்டும் தகடுகள் இதன் விரலடியில் இல்லை. ஆகையாற் கண்ணாடியில் ஏறமாட்டாது. வால் மட்டும் உடலுக்குப் பொருந்தாத பருமன். உண்ட கொழுப்பைச் சேர்த்துவைக்கும் களஞ்சியம் அது. இரை கிடையாத நாளில் அதனைக்கொண்டே உயிர் தரிக்கும். "பலம் எல்லாம் வாலில் இருக்கிறது, ஆகையால் சிம்சோன்" என்றான் பையன். ஞாயிறுப் பள்ளிக் கல்வி வீண்போகவில்லை என்று எண்ணிக்கொண்டேன்.

அப்பல்லி அவனிடம் வந்து ஒரு திங்களே ஆகியிருந்தது. வீடு மாறிச் சென்ற அண்டை வீட்டார் கொடுத்துச் சென்றது. மூன்று ஆண்டு வளர்ந்தும் மனிதக் கை படாமலே வளர்ந்த உயிர். இரையை இடுவதும் பெட்டியை மூடுவதுமாக அவர்கள் காலங் கழித்திருந்தனர். அதனைக் கைக்குப் பழக்குவதே பையன் மேற்கொண்ட பெரும்பணி. அதற்கென நீல அட்டைக் குறிப்பேடு ஒன்று வைத்திருந்தான். முதல் இரண்டு கிழமைக்கும் ஒரே குறிப்புத்தான்: 'தொடவில்லை.' புது இடத்திற்கு வந்த பல்லி மணங்களை அறிந்து, ஒளியிடங்களைக் கண்டு, ஒழுங்காக இரை எடுக்கும் வரையில் அதனைத் தொடலாகாதாம். பின்னர்க் கை பெட்டிக்குள் செல்லும். அதுவும் பக்கவாட்டிலிருந்து, தாழ்ந்து, மெல்லச் செல்லவேண்டும். "மேலிருந்து கை வரக்கூடாது, மாமா. காட்டில் மேலிருந்து வருவது பருந்தும் ஆந்தையும்" என்று எனக்குப் பாடஞ் சொன்னான். வால் உயர்ந்து பாம்புபோல் மெல்ல வளைந்து ஆடினால் 'அப்பாற் செல்' என்பது பொருள். உடனே கையை எடுத்துவிடவேண்டும். வால்நுனி மட்டும் விரைந்து நடுங்கினால் இரைமீது பாயப்போகின்றது என்பது பொருள். இவையெல்லாம் அவ்வேட்டில் எழுதப்பட்டிருந்தன. யான் அவனுக்கு உயிரெழுத்தைக் கற்பிக்க, அவன் எனக்கு வாலெழுத்தைக் கற்பித்தான்.

இரண்டு கிழமைக்குள் என் அச்சம் பெரும்பாலும் நீங்கிற்று. சாமணத்தாற் சுவர்க்கோழியைப் பிடித்துச் சுண்ணச்சத்துத் தூளில் தோய்த்து நீட்டினால், சிம்சோன் வந்து கவ்விக்கொள்ளுவான். அச்சம் நீங்கிய இடத்தில் செருக்கு வந்து அமர்ந்ததை யான் அப்பொழுது அறிந்திலேன்.

மே 12-ஆம் நாள் திங்கட்கிழமை பையன் பள்ளிப் பிள்ளைகளோடு ஐந்து நாட் சுற்றுலாச் சென்றான். செல்லுமுன், "இரை வையுங்கள்; தண்ணீர் மாற்றுங்கள்; தூக்க வேண்டாம். இன்னும் அவன் கைமேல் ஏறவில்லை" என்றான். யான் தலையசைத்தேன். புதன்கிழமை இரவு ஒன்பதரை மணி. அந்நாட்டில் அப்பொழுதுதான் இருட்டத் தொடங்கும். இவ்வினப் பல்லி வெளிவந்து நடமாடும் வேளையும் அதுவே. தமக்கையார் இரவுப் பணிக்குச் சென்றிருந்தார். பையன் திரும்பும்பொழுது பழக்கும் வேலை முடிந்திருந்தால் எத்துணை வியப்படைவான் என்று எனக்கு ஓர் எண்ணம் தோன்றிற்று. மூடியைத் திறந்தேன், மேலிருந்து கையை இறக்கினேன், நடுவுடலைப் பற்றித் தூக்கினேன்.

பற்றிய அளவில் வியப்பே தோன்றியது. அவ்வுடல் யான் அஞ்சியபடி குளிர்ந்திருக்கவில்லை, வழவழப்பும் இல்லை. வெயிலில் உலர்ந்த மெல்லிய துணியைப் போன்று வெதுவெதுப்பாக இருந்தது. உள்ளே இதயம் துடிப்பது விரலில் தெரிந்தது. அத்துடன் நின்றிருக்கலாம். படம் எடுத்துப் பையனுக்குக் காட்டவேண்டும் என்ற ஆசையால், ஒரு கையிற் பல்லியும் மறு கையிற் கைப்பேசியுமாக நின்றேன். கைப்பேசியின் ஒளி மின்னிற்று. சிம்சோன் முறுக்கிக்கொண்டு பாய்ந்தான். யான் பதறி எட்டிப் பிடித்தேன். என் கையில் வால் மட்டும் இருந்தது.

இவ்வினத்தின் வாலெலும்பில் முறிவதற்கென்றே அமைந்த இடங்கள் உண்டு. பிடிபட்ட பல்லி தன் தசையைச் சுருக்கி அவ்விடத்தில் வாலை விடுவித்துக்கொள்ளுகின்றது. குருதி சில துளிகளுக்கு மேல் வருவதில்லை. விட்ட வால் துள்ளிப் பகையின் கண்ணைக் கவரும்பொழுது உடல் தப்புகின்றது. பகைவனுக்காக அமைந்த உபாயம் இது. அன்றிரவு பகைவன் யானே. கம்பளத்தின்மீது அவ்வால் நெடுநேரம் துள்ளிற்று. விளக்குமாறும் கையுமாக நின்று யான் சிரித்த அதே துள்ளல். ஒரு சிறிய ஓசைகூட இல்லை. அத்தான் கீழே தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார். அதன் சிரிப்பொலி மேலே கேட்டது.

கட்டிலின் அடியிலிருந்து சிம்சோனை ஓர் அட்டைப் பெட்டிக்குள் வரவழைக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. பின்னர்த் தமக்கையாரைத் தொலைபேசியில் அழைத்து, "அக்கா, சிம்சோனின் வால் விழுந்துவிட்டது" என்றேன். விழுந்தது என்பது தன்வினை. இலக்கணம் கற்றவனுக்குப் பொய் சொல்லத் தனிச் சொல் தேடவேண்டுவதில்லை. பிறவினையைத் தன்வினை ஆக்கிவிட்டால் போதும். அவர் பணியின் நடுவில் இருந்தமையால் மேலே வினவவில்லை. மறுநாள் காலை விலங்கு மருத்துவரிடம் கேட்டு, பெட்டியிலிருந்த மண்ணை அகற்றித் தூய தாள் விரிக்கவும், புண் ஆறும் வரை அதனைத் தொடாதிருக்கவும், இரையைச் சற்று மிகுதியாகக் கொடுக்கவும் வகைசெய்தார்.

வெள்ளிக்கிழமை மாலை பையன் சேற்றுக் காலணியோடு மாடிக்கு ஓடினான். யான் பின்னாற் சென்றேன். அவன் பெட்டியைப் பார்த்தவாறே நின்றான். முதுகிலிருந்த மூட்டையைக்கூடக் கழற்றவில்லை. "எப்படி, மாமா?" என்றான். முதல்நாள் முழுவதும் ஆயத்தம் செய்து வைத்திருந்த விடையை யான் சொன்னேன்: "கற்பலகையின் அடியில் வால் அகப்பட்டுக்கொண்டது போலும்."

அவன் நம்பினான். நம்பியதோடு நில்லாமல், பெட்டியைத் திறந்து அக்கற்பலகையை எடுத்தான். படியிறங்கிச் சென்று புறக்கடை வேலியோரத்தில் அதனைப் போட்டுவிட்டு வந்தான். "அந்தக் கல் இனி வேண்டாம்" என்றான். அக்கல் அவன் தந்தையார் அவனுக்காகத் தேடிக் கொணர்ந்தது என்பதை யான் அறிவேன். அன்றிரவு மழை பெய்தது. மங்கல் ஒளியில் சிம்சோன் தன் குகையிலிருந்து வந்தான். வாலற்ற உடல் சற்றே நிலைதவறி நடந்தது. கல் இருந்த இடத்திற்குச் சென்று, வெறுந்தாள்மீது வயிற்றைப் பதித்து, ஏதோ குறைகின்றதை உணர்ந்தாற்போலத் தலையை இருபுறமும் திருப்பினான். வயிற்றை ஒட்டிக் கிடந்து வெப்பம் பெறுவதற்கு அவனுக்கு இருந்தது அக்கல் ஒன்றே. அஃது என் பொருட்டு மழையில் நனைந்துகொண்டிருந்தது.

அவ்விரவு உறக்கம் இல்லை. விடியற்காலையிற் புறக்கடைக்குச் சென்று கல்லை எடுத்து வந்து, வெந்நீரிற் கழுவித் துடைத்தேன். பையனை எழுப்பி, கல்லை அவன் போர்வைமீது வைத்து, நடந்ததை நடந்தபடியே சொன்னேன். கைப்பேசியையும் மறைக்கவில்லை.

அவன் அழுவான் அல்லது சினப்பான் என்று எதிர்பார்த்தேன். அவன் எழுந்து நீலக் குறிப்பேட்டை எடுத்தான். "எத்தனை மணிக்கு?" என்றான். சொன்னேன். "எந்தக் கை?" "வலக்கை." "மேலிருந்தா, பக்கத்திலிருந்தா?" "மேலிருந்து." ஒவ்வொன்றையும் எழுதினான். எழுதி முடித்து ஏட்டை மூடிவிட்டு, "என் ஏடு முடிந்தது. இனி இது உங்கள் ஏடு. நான் பழக்கினால் அவனுக்கு என் கைமேலுள்ள பயந்தான் போகும். உங்கள் கைமேலுள்ள பயம் போகாது. நீங்கள்தான் பழக்கவேண்டும்" என்றான். பின்னர் இரண்டு நாள் அவன் என்னோடு பேசவில்லை. தமிழ்ப் பாடத்திற்கு மட்டும் உரிய நேரத்தில் வந்து அமர்ந்து, எழுதச் சொன்னதை எழுதிவிட்டுப் போவான். அவ்விரண்டு நாளும் எனக்கு நீண்டிருந்தன. தமக்கையாரிடமும் உண்மையைச் சொன்னேன். "குழந்தையிடம் முதலில் சொன்னாயே, அதுவரை சரி" என்றதோடு அவர் நிறுத்திக்கொண்டார்.

புண் ஆறும் வரை இரண்டு கிழமை காத்திருந்தோம். அந்நாட்களில் ஓரிரவு குடும்ப செபத்தில் நீதிமொழிகள் 30-ஆம் அதிகாரம் வந்தது. பையன் தன் ஆங்கில வேதத்தில் வாசிக்க, யான் தமிழ் வேதத்தில் தொடர்ந்தேன். பூமியில் சிறியனவாயினும் ஞானமுடைய நான்கு உயிர்களைச் சொல்லுமிடத்தில், என் ஏட்டில் நான்காவதாகச் சிலந்திப் பூச்சி நின்றது. அவன் ஏட்டில் பல்லி நின்றது! அவன் வாசிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். எட்டு நாட்களுக்குப் பின் அவன் முகத்திற் சிரிப்பைக் கண்டேன். எபிரேயச் சொல் ஒன்றையே பழைய மொழிபெயர்ப்பாளர் சிலந்தி என்றும், பிற்காலத்தார் பலர் பல்லி என்றும் கொண்டனர் என விளக்கினேன். கைக்கு அகப்படும் எளிமையும் அரண்மனையில் வாழும் பெருமையும் அதற்கு அங்கே கூறப்படுகின்றன. பையன் அரண்மனையைப் பிடித்துக்கொண்டு மகிழ்ந்தான். என் மனமோ கைக்கு அகப்படுதல் என்ற இடத்தைவிட்டு நகரவில்லை.

மே 28-ஆம் நாள் மாலை என் பாடம் தொடங்கிற்று. மணமற்ற சவர்க்காரத்தாற் கையைக் கழுவி, உள்ளங்கை மேல்நோக்க, பெட்டியின் தரையிற் கையை வைத்தேன். செய்யவேண்டியது அவ்வளவே. அசையாதிருத்தல்! கேட்பதற்கு எளிது, பத்து நிமிடம் செய்துபார்த்தாலன்றி அதன் கடுமை தெரியாது. முதலில் முழங்கை வலிக்கும். பின்னர் விரல்நுனி மரத்துப்போகும். பின்னர் மூக்கு அரிக்கும். சிம்சோன் குகை வாயிலில் இருந்து நோக்கிக்கொண்டிருந்தான். பையன் கடிகாரத்தோடு கட்டிலில் அமர்ந்து, பத்து நிமிடம் ஆனதும், "எடுக்கலாம்" என்பான். முதல்நாட் குறிப்பு: 'வரவில்லை.' இரண்டாம் நாளும் அதுவே.

ஓர் இடர்ப்பாட்டை இங்குச் சொல்லவேண்டும். வால் இருந்த காலத்தில் அதன் ஆட்டமே அவ்வுயிரின் பேச்சு. 'அருகே வராதே' என்று அஃது எனக்குச் சொல்லவேண்டுமானால் இப்பொழுது சொல்லும் கருவியே இல்லை. யான் முறித்தது உறுப்பை மட்டும் அன்று, மொழியையும் முறித்துவிட்டேன். ஆகவே வேறு குறிகளைத் தேடவேண்டியதாயிற்று. தொண்டையின் அடித்தோல் விரைந்து துடித்தால் அச்சம். உடல் தரையோடு ஒட்டிக் கால்கள் விறைத்தால் ஓடப்போகின்றான். தலை தாழ்ந்து, அடிகள் ஒவ்வொன்றாக எடுத்து வைக்கப்பட்டால் ஆராய்கின்றான். இவற்றை அறியப் பல மாலை ஆயிற்று. வகுப்பில் ஒரு சூத்திரத்தையும் யான் இவ்வளவு கூர்ந்து நோக்கியதில்லை என்று எங்கள் ஆசிரியர் முன்னிலையில் ஒப்புக்கொள்ள நாணுகின்றேன்.

மூன்றாம் நாள் அருகே வந்து, என் நடுவிரலின் நுனியை நாவால் ஒருமுறை தொட்டான். பல்லி நாவினால் தொடுவது சுவைக்காக மட்டும் அன்று. மணத்துகள்களை எடுத்து மேலண்ணத்திலுள்ள மோப்ப உறுப்பிற்குக் கொண்டுசெல்லுகின்றது. யான் யார் என்று வினவினான் என்பதே பொருள். வினவியவன் உடனே திரும்பிச் சென்றுவிட்டான். "உங்கள் கை ஐஸில் வைத்த மீன் போல் இருக்கிறது, மாமா, அதனால்தான்" என்றான் பையன். அவன் சொன்னது மெய். அன்று முதல், பெட்டியைத் திறக்குமுன் சூடான தேநீர்க் கோப்பையை இரு கையாலும் ஐந்து நிமிடம் பற்றிக்கொண்டிருப்பேன். ஐந்தாம் நாள் ஒரு முன்காலை என் விரல்மீது வைத்தான். ஐந்து சிறு விரல்கள். ஒவ்வொன்றின் நுனியிலும் முடிபோன்ற ஒரு நகம். வைத்த காலை எடுக்காமலே நெடுநேரம் யோசித்தான். யான் மூச்சு விடவும் அஞ்சினேன்.

ஜூன் 4-ஆம் நாள் அவன் மேனி சாம்பல் பூத்தாற்போல் வெளுத்தது. தோலுரிக்கும் காலம். அப்பொழுது கண்பார்வை மங்கி, உடல் கூசுமாம். ஆகையால் மூன்று நாள் விடுமுறை விட்டோம். ஈரப்பாசி இட்ட சிறு பெட்டிக்குள் நுழைந்தவன் மறுநாட் காலை புது நிறத்தோடு வெளிவந்தான். உரித்த தோலைக் காணோம். அதனைத் தானே தின்றுவிடுவது அவ்வினத்தின் வழக்கம். வால் இருந்த இடத்தில் புதிய மொட்டு ஒன்று, சுண்டுவிரல் நுனியளவு, மென்மையாகத் தோன்றியிருந்தது. பையன் அளவுகோலை எடுத்தான். தொடாமலே அளந்து எழுதினான். "சிம்சோனுக்குச் சிறையில் மயிர் முளைத்ததுபோல" என்றேன். "ஆம், ஆனால் இவன் வீட்டை இடிக்கமாட்டான்" என்றான்.

ஜூன் 9-ஆம் நாள் மாலை, யான் அழைக்காமலே, நான்கு காலும் என் உள்ளங்கையில் இருக்க ஏறி நின்றான். தூக்கவில்லை, பையன் கண்ணாலே தடுத்தான். மறுநாள்தான் கையோடு உயர்த்தினேன், தரையிலிருந்து ஒரு சாண் அளவே. தவறி விழுந்தால் அடிபடலாகாது என்பதற்காகக் கம்பளத்தின்மீது அமர்ந்துகொண்டேன். வலக்கையின் விளிம்பிற்கு அவன் நடந்து வரும்பொழுது இடக்கையை அதன்முன் தாழ்த்தி வைப்பேன். இடக்கை முடியும்பொழுது வலக்கை. அவனுக்கு முடிவில்லாத ஒரு பாதை. எனக்கு நகராத ஒரு பயணம். பிடித்தல் என்பது அதில் எங்கும் இல்லை. அவன் போக நினைத்தால் போகலாம். அதனாலேயே போகவில்லை என்று எனக்குத் தோன்றிற்று. இரண்டு நிமிடத்தில், அவன் அமைதியாக இருக்கும்பொழுதே, பெட்டியில் விட்டுவிட்டோம். பிறகு நேரே கைகழுவும் இடத்திற்குச் செல்லவேண்டும். இவ்வகை உயிர்களின் குடலில் சால்மொனெல்லா என்னும் கிருமி இருத்தல் இயல்பு; செவிலியின் வீட்டில் அவ்விதிக்கு விலக்கே இல்லை.

ஜூன் 13-ஆம் நாள் இரவு கடைசிப் பாடம். மறுநாள் யான் புறப்படவேண்டும். சிம்சோன் என் மணிக்கட்டு வரை நடந்து வந்து, நாடி துடிக்கும் இடத்தில் வயிற்றைப் பதித்துக் கிடந்தான். எட்டு நிமிடம். தொண்டை மெல்ல அசைந்தது. "என்ன எழுதட்டும், மாமா?" என்று பையன் கேட்டான். 'அன்பு' என்று எழுதச் சொல்ல நா எழுந்தது. அத்துணைச் சிறிய மூளையில் அன்பு என ஒன்று உண்டோ, அறியேன். என் கை சூடாக இருந்தது, அவ்வளவே மெய். "வெப்பத்திற்காக வந்தான் என்று எழுது" என்றேன். அவன் சற்று ஆலோசித்து, தமிழெழுத்தில், தன் கையாலேயே, 'பயம் இல்லை' என்று எழுதினான். பயம் என்பதில் மகரப் புள்ளியை மறந்துவிட்டான். யான் திருத்தவில்லை.

விடுதிக்கு வந்து இக்கதையைச் சொன்னபொழுது, நண்பர் சிலர் நம் தோட்டத்திலும் ஒரு பச்சோந்தியைப் பிடித்துப் பழக்கலாமே என்று ஊக்கங் கொண்டனர். உடும்பும் பச்சோந்தியும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தாற் காக்கப்படுவன என்று சொல்லி அவ்வூக்கத்தை அடக்கினேன். சுவர்ப் பல்லியைக் கண்டு கட்டிலை நகர்த்துவதை மட்டும் விட்டுவிட்டேன், அதற்குமேல் நெருங்கவில்லை.

ஆகஸ்டு மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றிற் பையன் தொலைபேசியில் அழைத்தான். புதிய வால் முழுவதும் வளர்ந்துவிட்டதாம். பழைய வால்போல் வளையங்கள் இல்லையாம். வழவழப்பாக, சிறிய முள்ளங்கிக் கிழங்கைக் கவிழ்த்தாற்போல் இருக்கின்றதாம். இவற்றையெல்லாம் விரைவாகச் சொல்லிவிட்டு, "அது முக்கியம் இல்லை, மாமா; இன்று நடந்ததைக் கேளுங்கள்" என்றான். பெட்டியைத் துடைக்கும்பொழுது அவன் கை தவறி மேலிருந்து இறங்கிவிட்டதாம்.

"சிம்சோன் வாலை ஆட்டினான், மாமா! புது வாலை! இப்படியும் அப்படியும் மெதுவாக ஆட்டி, என்னைப் போ என்று சொன்னான்!"